குறைமாதக் குழந்தைக்கு இரத்தம் ஏற்றுகிறார்களா? குடல் நோயை நினைத்துப் பயப்படும் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

கோலாலம்பூரில் குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சை வார்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும் பெற்றோர் பலர் கேட்கும் கேள்வி இது: "நேத்து இரத்தம் ஏத்துனாங்க. இன்னைக்கு வயிறு உப்பிப்போச்சு, பால நிறுத்திட்டாங்க. ஏத்துன இரத்தந்தான் காரணமா?"

நியாயமான கேள்வி. 1980களிலிருந்து மருத்துவர்களும் இதையேதான் கேட்டு வருகிறார்கள். இன்று கையில் இருக்கும் ஆதாரங்களை வைத்துப் பார்த்தால், பெற்றோர் பயப்பட வேண்டியது இரத்தப் பையைவிட, நாள்கணக்கில் கவனிக்காமல் விட்ட கடும் இரத்தசோகைக்குத்தான். அதனால் இரத்தம் வேண்டாம் என்று மறுப்பது தீர்வு ஆகாது. எப்போது ஏற்றுகிறார்கள், எப்படி ஏற்றுகிறார்கள், ஏற்றிய பிறகு எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பதுதான் குழந்தைக்கு உதவும்.

அந்த நோய் எது?

நெக்ரோடைசிங் என்டெரோகோலைட்டிஸ் (NEC) என்பது அதன் முழுப் பெயர். வார்டில் மருத்துவரும் மிஸ்ஸியும் (தாதியும்) 'நெக்' என்று சுருக்கிச் சொல்வார்கள். குடல் சுவர் அழற்சி கண்டு, திசு செத்துப்போகும் நோய். முற்றினால் குடலில் ஓட்டை விழும். 1500 கிராமுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தைகளில் 100 பேருக்கு ஏறக்குறைய 5 முதல் 10 பேரை இது தாக்குகிறது. தாக்கப்பட்டவர்களில் 100-க்கு 20 முதல் 30 பேர் உயிரிழக்கிறார்கள்.

பிறந்தவுடன் இது வருவது குறைவு. மிகவும் முன்கூட்டிப் பிறந்த குழந்தைக்குப் பெரும்பாலும் இரண்டாவது வாரத்துக்குப் பிறகு, மூச்சுக்கருவியின் தேவை குறைந்து, பால் அளவு ஏறி, வீட்டில் எல்லோரும் சற்று நிம்மதியாக இருக்கும் நேரத்தில் வருகிறது. முதிராத குடல், குடலில் குடியேறும் கிருமிகள், மாவுப்பால், குடலுக்குப் போகும் இரத்த ஓட்டத்தில் குறை எனப் பல காரணங்கள் ஒன்றுசேரும்போதுதான் நோய் கிளம்புகிறது. ஒரே ஒரு குற்றவாளியைத் தேடினால் கிடைக்காது.

அதே இரண்டாம், மூன்றாம், நான்காம் வாரங்களில்தான் குழந்தையின் ஹீமோகுளோபினும் இறங்குகிறது. சிவப்பணு தயாரிக்கச் சொல்லும் ஹார்மோன் குறைமாதக் குழந்தையிடம் போதிய அளவு சுரப்பதில்லை. உடம்பு வேகமாக வளர்வதால் இருக்கும் இரத்தம் பற்றாமல் போகிறது. இவற்றோடு பரிசோதனைக்காக எடுக்கும் இரத்தமும் சேர்கிறது. 1 கிலோ குழந்தையின் உடம்பில் மொத்தமே 90 மி.லி. அளவு இரத்தம்தான் ஓடுகிறது. அதிலிருந்து 1 மி.லி. எடுப்பது, வளர்ந்த ஆளிடமிருந்து 50 மி.லி.க்கு மேல் எடுப்பதற்குச் சமம். முதல் இரண்டு வாரத்தில் தினமும் இரண்டு மூன்று முறை ஊசி குத்தினால் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இரத்தத்தின் மேல் பழி விழுந்த விதம்

நெக் வந்த குழந்தைகளின் பழைய கோப்புகளைப் புரட்டிய ஆய்வாளர்கள், கணிசமான குழந்தைகளுக்கு முந்தைய 48 மணி நேரத்துக்குள் இரத்தம் ஏற்றப்பட்டிருப்பதைக் கண்டார்கள். 2012-ல் இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இரத்தம் ஏற்றிய குழந்தைகளுக்கு நெக் வரும் சாத்தியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று தெரிந்தது. இத்தகைய கணக்குகளால் சில மருத்துவமனைகள் நடைமுறையை மாற்றின.

ஆனால் பழைய கோப்பைப் புரட்டும் ஆய்வில் ஒரு பெரிய பொறி இருக்கிறது. நெக் ஆரம்பிக்கும்போது குழந்தை முதலில் காட்டுவது பல நேரங்களில் வயிற்றுக் கோளாறாக இருக்காது. மூச்சு விட்டு விட்டு நிற்கும், இதயத்துடிப்பு தாழும், உடல் வெளிறும். இரத்தசோகையின் அறிகுறிகளும் இவையேதான். மருத்துவர் ஹீமோகுளோபினைப் பார்க்கிறார், குறைவாக இருக்கிறது, இரத்தம் ஏற்றச் சொல்கிறார். மறுநாள் எக்ஸ்ரேயில் நெக் தெரிகிறது. கோப்பில் முதலில் இரத்தம், பிறகு நெக் என்றுதான் பதிவாகும். உண்மையில் நோய் ஏற்கெனவே தொடங்கிவிட்டதால்தான் இரத்தமே ஏற்றப்பட்டிருக்கலாம்.

இந்தச் சிக்கலைத் தவிர்க்க, அமெரிக்காவின் அட்லாண்டாவில் குழந்தைகளைப் பிறந்த நாளிலிருந்தே தொடர்ந்து கவனித்தார்கள். 2016-ல் வெளியான அந்த ஆய்வில் மிகக் குறைந்த எடையுள்ள 598 குழந்தைகள் இருந்தார்கள். இரத்தம் ஏற்றியதற்கும் நெக்குக்கும் தெளிவான தொடர்பு தென்படவில்லை. மாறாக, ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 8 கிராமோ அதற்குக் கீழோ போன வாரங்களில் நெக் வரும் வேகம் ஏறக்குறைய ஆறு மடங்கு கூடியிருந்தது.

பிறகு இரண்டு பெரிய சோதனைகள் 2020-ல் வெளியாயின. அமெரிக்காவில் 1000 கிராமும் அதற்குக் குறைவுமான 1824 குழந்தைகள், ஐரோப்பாவில் 1000 கிராமுக்குக் குறைவான 1013 குழந்தைகள். ஒரு குழுவுக்கு ஹீமோகுளோபின் சற்று இறங்கியதுமே இரத்தம் ஏற்றினார்கள். இன்னொரு குழுவுக்கு இன்னும் கீழே இறங்கும்வரை பொறுத்தார்கள். அதிகமாக இரத்தம் பெற்ற குழுவில் நெக் கூடவில்லை. இரத்தமே நேரடியாகக் குடலைக் கெடுக்கிறது என்றால் இங்கே அது தெரிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் இரத்தத்துக்குப் பங்கே இல்லையா? அப்படி அடித்துச் சொல்லவும் முடியாது. 2019-ல் எலிக்குட்டிகளில் செய்த ஆய்வு ஒன்று கவனிக்கத்தக்கது. குட்டிகளைக் கடும் சோகைக்கு ஆளாக்கி, அதன் பிறகு இரத்தம் ஏற்றியபோது குடலில் நெக் போன்ற சேதம் உண்டானது. சோகை மட்டும் இருந்த குட்டிகளுக்கும், சோகை இல்லாமல் இரத்தம் மட்டும் பெற்றவற்றுக்கும் அந்தச் சேதம் வரவில்லை. ஆக்சிஜனுக்கு ஏங்கி, அழற்சிக்குத் தயாராகக் கிடக்கும் குடலில் புதிய சிவப்பணுக்கள் வந்து சேரும்போது சிக்கல் கிளம்பலாம் என்பது அதன் விளக்கம். மனிதக் குழந்தைக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் அது காட்டும் திசை ஒன்றுதான்: சோகை ஆழமாகப் போகும்வரை விட்டுவைக்கக் கூடாது.

சம்மதப் படிவத்தில் கையெழுத்திடும் முன்

அவசரம் இல்லாத நேரத்தில் மருத்துவர் படிவத்தோடு வந்தால் பத்து நிமிடம் கேட்டு வாங்கலாம். அது உங்கள் உரிமை. மலாயில் கேட்பது எளிது என்றால் "தம்பா டாரா" (இரத்தம் ஏற்றுவது) என்ற சொல்லே போதும், வார்டில் எல்லோருக்கும் புரியும்.

முதல் கேள்வி: இன்றைய ஹீமோகுளோபின் எவ்வளவு, போன வாரம் எவ்வளவு? ஓர் எண்ணை மட்டும் கேட்டால் பாதி விவரம்தான் கிடைக்கும். 11-லிருந்து மெல்ல 9-க்கு வந்திருப்பது ஒரு கதை, மூன்றே நாளில் 12-லிருந்து 8-க்கு விழுந்திருப்பது வேறு கதை. திடீரென்று விழுந்தால் எங்கோ இரத்தம் கசிகிறதா, தொற்று இருக்கிறதா என்று மருத்துவர் தேடுவார். தேடுகிறார்களா என்று நீங்களும் கேளுங்கள்.

இரண்டாவது: எந்த அளவுக்குக் கீழே போனால் இங்கே ஏற்றுவீர்கள்? 30 வாரத்துக்கு முன்பு பிறந்த குழந்தைகளுக்கு 2024-ல் வெளியான பன்னாட்டு வழிகாட்டுதலில் உள்ள எண்கள் இவை. முதல் வாரத்தில், சுவாச உதவி தேவைப்படும் குழந்தைக்கு 11, தேவைப்படாத குழந்தைக்கு 10. இரண்டாவது வாரத்தில் சுவாச உதவி இருந்தால் 10, இல்லையென்றால் 8.5. மூன்றாவது வாரத்திலிருந்து உதவி இருந்தால் 8.5, இல்லையென்றால் 7. எல்லாம் டெசிலிட்டருக்குக் கிராம் கணக்கு. வென்டிலேட்டரும், மூக்கு வழியே தொடர்ந்து காற்றழுத்தம் தரும் சிபேப் கருவியும் சுவாச உதவியில் அடங்கும். உங்கள் மருத்துவமனையின் எண் இதிலிருந்து சற்று மாறலாம். அறுவை சிகிச்சை, கடும் தொற்று, இரத்தப்போக்கு போன்ற நிலைகளுக்கு இந்த எண்களே பொருந்தாது. எண்ணைக் காட்டி மருத்துவரோடு மல்லுக்கட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. "இரண்டு நாளாக 7.8-ல் இருக்கிறதே, இன்னும் எவ்வளவு நாள் பொறுப்பீர்கள்?" என்று விவரத்தோடு கேட்பதற்காகச் சொல்கிறோம்.

மூன்றாவது: ஒரே கொடையாளரின் இரத்தத்தைச் சிறு பைகளாகப் பிரித்து இந்தக் குழந்தைக்கு ஒதுக்கி வைக்க முடியுமா? சிறிய குழந்தைக்கு நான்கு முறை ஏற்ற வேண்டி வரலாம். நான்கு பேரின் இரத்தத்துக்குப் பதில் ஒருவரின் இரத்தமே கிடைத்தால் தொற்று அபாயமும் எதிர்ப்பணு அபாயமும் குறையும். இருப்பைப் பொறுத்துத்தான் கிடைக்கும், ஆனால் கேட்பதில் தவறில்லை.

"புது இரத்தமா, பழைய இரத்தமா?" என்று கேட்டு மன உளைச்சலுக்கு ஆளாக வேண்டாம். கனடாவில் 377 குழந்தைகளை வைத்து நடந்த சோதனை 2012-ல் வெளியானது. 7 நாளுக்கு உட்பட்ட இரத்தம் பெற்றவர்களுக்கும் வழக்கமான இருப்பிலிருந்து பெற்றவர்களுக்கும் நெக் உட்பட எதிலும் வித்தியாசம் இல்லை.

அப்பாவின் இரத்தம் வேண்டாம்

நம் வீடுகளில் அப்பா, மாமா, சித்தப்பா எல்லோரும் கையை நீட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள். பாசம் புரிகிறது, ஆனால் நெருங்கிய இரத்த உறவுகளின் இரத்தம் குழந்தைக்கு நேரடியாகக் கொடுக்க ஏற்றதல்ல. உறவினரின் வெள்ளணுக்களைக் குழந்தையின் உடல் அந்நியமாக அடையாளம் காணாமல் விடலாம். அவை உள்ளே பெருகிக் குழந்தையின் உடலையே தாக்கும். அரிதாக நடந்தாலும் பெரும்பாலும் உயிரைக் கொல்லும் சிக்கல் அது. அதனால்தான் உறவினர் இரத்தம் என்றால் கதிர்வீச்சுக்கு உட்படுத்தாமல் ஏற்றக் கூடாது என்பது விதி. அப்பா விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. கர்ப்பத்தின்போது அம்மாவின் உடலில் அப்பாவின் அணுக்களுக்கு எதிரான எதிர்ப்பணுக்கள் உருவாகி, நஞ்சுக்கொடி வழியே குழந்தைக்குள் போயிருக்கலாம்.

உதவ வேண்டும் என்றால் ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தேசிய இரத்த வங்கிக்குப் போய்ப் பொது இருப்புக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். அங்கிருந்துதான் இன்னொரு வீட்டுக் குழந்தைக்கும் போகும்.

தாயிடமிருந்தும் சிறிது இரத்தம் கேட்பார்கள். ஏற்றுவதற்காக அல்ல, பொருத்தம் பார்ப்பதற்காக. பிறந்து சில மாதங்கள்வரை குழந்தையின் இரத்தத்தில் இருக்கும் எதிர்ப்பணுக்கள் தாயுடையவை. தாய் வேறு மருத்துவமனையில் படுத்திருந்தால் இந்த மாதிரியை முன்கூட்டியே அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். இதற்காகக் காத்திருந்தே அரை நாள் போய்விடும்.

ஏற்றும் அந்த மூன்று நான்கு மணி நேரம்

பெரியவர்களுக்குப் பார்த்த மாதிரி கம்பத்தில் பை தொங்காது. வழக்கமான அளவு கிலோவுக்கு 15 மி.லி. ஆக, 1 கிலோ குழந்தைக்கு 15 மி.லி., ஒரு மேசைக்கரண்டி அளவுதான். வடிகட்டி வழியாக ஒரு சிரிஞ்சில் இழுத்து, சிரிஞ்ச் பம்பில் பொருத்துவார்கள். 3 மணி நேரம் என்றால் பம்பின் திரையில் 5.0 என்று இருக்கும், 4 மணி நேரம் என்றால் 3.75. அதாவது மணிக்கு அத்தனை மி.லி. குளிர்சாதனத்திலிருந்து எடுத்த 4 மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும், இல்லையென்றால் கிருமி பெருகும். சிரிஞ்சின் தண்டு நகர்வதே கண்ணுக்குத் தெரியாது. "ஓடுதா, நிக்குதா?" என்று பதற வேண்டாம்.

தொடங்கும் முன் இரண்டு பேர் சேர்ந்து குழந்தையின் கைப்பட்டை, பையின் எண், இரத்தவகை, காலாவதி தேதி ஆகியவற்றை வாசித்துச் சரிபார்ப்பார்கள். அந்த நேரத்தில் அவர்களிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். தவறான இரத்தம் ஏறாமல் தடுக்கும் கடைசிக் கதவு அது. தொடங்கி 15 நிமிடத்தில் ஒரு முறையும் அதன்பின் மணிக்கொரு முறையும் சூடு, துடிப்பு, மூச்சு பார்ப்பார்கள்.

பல பெற்றோர் கவனிக்காத ஒன்று இரத்தச் சீனி. இரத்தம் ஏறும் குழாயில் சீனித்தண்ணீரைக் கலந்து விட முடியாது, சிவப்பணு உடைந்துவிடும். குழந்தைக்கு இருப்பதோ ஒரே ஒரு லைன் (நரம்பில் போட்ட குழாய்), பாலையும் நிறுத்தியாயிற்று என்றால் சில மணி நேரம் உணவே உள்ளே போகாது. சீனி தாழ்ந்துவிடும். "இன்னொரு லைன் இருக்கா? சீனி எப்போ பார்ப்பீங்க?" என்று கேட்டு வையுங்கள்.

பாலை நிறுத்த வேண்டுமா?

இங்கேதான் வார்டுக்கு வார்டு நடைமுறை மாறும், பெற்றோருக்குக் குழப்பமும் கூடும். வேறொரு மருத்துவமனையில் ஒரு குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே ஏற்றினார்கள், இங்கே "புவாசா" (பட்டினி) என்று எழுதி வைத்துவிட்டார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்து மனம் குமுறுவார்கள்.

நிறுத்துவதற்கான காரணம் இது. பால் குடித்ததும் குடலுக்குப் போகும் இரத்த ஓட்டம் கூட வேண்டும். இரத்தம் ஏற்றியவுடன் சில குழந்தைகளிடம் அந்தக் கூடுதல் ஓட்டம் சரியாக வருவதில்லை என்று அல்ட்ராசவுண்டில் பார்த்திருக்கிறார்கள். வேலை கொடுத்துவிட்டு எரிபொருள் கொடுக்காத நிலை. அதனால் சில வார்டுகள் ஏற்றும் முன் ஒரு வேளைப் பாலையும், ஏற்றும்போதும், முடிந்து சில மணி நேரமும் நிறுத்துகின்றன. அப்படிச் செய்த இடங்களில் நெக் குறைந்ததாகச் சில கணக்குகள் உண்டு. ஆனால் அவை பெரும்பாலும் முன்பு இப்படி, பின்பு இப்படி என்று ஒப்பிட்டவை. இடையில் வேறு பல நடைமுறைகளும் மாறியிருக்கும்.

நிறுத்தாததற்கும் காரணம் உண்டு. நான்கைந்து முறை இரத்தம் ஏற்றும் குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் அரை நாள் பட்டினி என்றால், முழுப் பாலுக்கு வரும் நாள் தள்ளிப்போகும். அதுவரை நரம்பில் லைன் இருக்கும். லைன் இருக்கும்வரை தொற்று அபாயமும் இருக்கும்.

எங்கள் கருத்து: இரண்டு நடைமுறைக்கும் நியாயம் இருக்கிறது. எதற்காகவும் மருத்துவரோடு சண்டைபோட வேண்டாம். கேட்க வேண்டியது, மறுபடி பால் எப்போது, எந்த அளவில் தொடங்கும் என்பதுதான். நிறுத்திய பாலைத் தொடங்க மறந்து ஷிப்ட் மாறிப்போவது எந்த வார்டிலும் நடக்கக்கூடியது. நேரத்தைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தியிருக்கும் நேரத்திலும் தாய் பால் கறப்பதை நிறுத்தவே கூடாது.

அடுத்த 48 மணி நேரம்

இந்த இரண்டு நாளும் வீட்டிலிருந்து ஒருவராவது வார்டுக்குப் போய் வாருங்கள். தனியார் நிறுவனங்களில் அப்பாக்களுக்குச் சட்டப்படி கிடைக்கும் விடுப்பு 7 நாள்தான். பிரசவத்தோடு அது கரைந்துவிடும். நெக் வரும் வாரங்களில் அப்பா வேலையில் இருப்பார், அம்மா பத்தியத்தில் இருப்பார். பாட்டியோ அத்தையோ பார்க்க அனுமதி உண்டா என்று முதல் வாரத்திலேயே வார்டில் கேட்டு வையுங்கள்.

பார்க்க வேண்டியவை: வயிறு நேற்றைவிடப் பெரிதாக இருக்கிறதா, தோல் பளபளவென்று இழுத்துப் பிடித்தாற்போல் இருக்கிறதா, நிறம் சிவந்தோ நீலம் பாய்ந்தோ இருக்கிறதா? தொட்டால் முகம் சுளிக்கிறதா? குழாயில் இழுத்துப் பார்க்கும்போது பச்சை நிறத்தில் வருகிறதா? மலத்தில் இரத்தம் இருக்கிறதா? மூச்சு நின்று மானிட்டர் கத்துவது திடீரென்று கூடியிருக்கிறதா? எப்போதும் கையைக் காலை உதைக்கும் பிள்ளை இன்று துவண்டு கிடக்கிறதா? கடைசி அறிகுறியை எந்தக் கருவியும் சொல்லாது. தினமும் பார்க்கும் பெற்ற கண்தான் சொல்லும். "பிள்ளை இன்னைக்குச் சரியில்ல" என்று தோன்றினால் தயங்காமல் மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். "பெருட் கெம்போங்" என்றால் வயிறு உப்பியிருக்கிறது என்று உடனே புரிந்துகொள்வார்கள்.

எல்லா உப்பலும் நெக் அல்ல. சிபேப் போட்டிருக்கும் குழந்தையின் வயிற்றில் காற்று ஏறி உருண்டையாக இருக்கும். தொட்டால் மெத்தென்று இருக்கும், குழந்தையும் சுறுசுறுப்பாக இருக்கும். மலத்தின் மேல் ஒரு கீற்றாகத் தெரியும் சிவப்பு ஆசனவாயில் சிறு வெடிப்பாக இருக்கலாம். தாயின் முலைக்காம்பு வெடித்து அந்த இரத்தம் பாலோடு போயிருக்கலாம். எது என்று முடிவு செய்வது மருத்துவர் வேலை. அணையாடையைத் தூக்கி எறியாமல் காட்டுவது உங்கள் வேலை.

இரத்தத்தைவிடப் பெரிய ஆயுதம்: தாய்ப்பால்

நெக் வராமல் தடுக்கப் பெற்றோர் கையில் இருப்பதில் இதற்கு நிகராக எதுவும் இல்லை. மாவுப்பால் குடிக்கும் குறைமாதக் குழந்தைக்கு நெக் அபாயம் தெளிவாகவே கூடுகிறது. மலேசியாவில் தாய்ப்பால் வங்கி பரவலாக இல்லை. ஆகவே பெரும்பாலான குழந்தைகளுக்குச் சொந்தத் தாயின் பால், இல்லையென்றால் மாவுப்பால் என்பதே நிலை.

பிரசவமான 6 மணி நேரத்துக்குள் கறக்கத் தொடங்குங்கள், முடிந்தால் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே. முதல் இரண்டு மூன்று நாள் இயந்திரத்தைவிடக் கைதான் நல்லது. சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், 1 மி.லி. சிரிஞ்சில் பிடியுங்கள். பம்பின் குழாயில் ஒட்டி வீணாகும் அந்த அரை மி.லி. குழந்தையின் கன்னத்தின் உட்புறத்தில் தடவப் போதும். அதன் பிறகு 24 மணி நேரத்தில் 8 முறையாவது கறக்க வேண்டும். இரவு ஒரு மணிக்கும் ஐந்து மணிக்கும் இடையில் ஒரு முறை கட்டாயம். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும். இரண்டாவது வார முடிவில் நாளுக்கு 500 மி.லி. எட்டினால் பிறகு கவலை குறைவு. குழந்தை இப்போது 2 மி.லி.தான் குடிக்கிறது, இவ்வளவு எதற்கு என்று குறைத்துவிடாதீர்கள். இப்போது உண்டாகாத சுரப்பைப் பிறகு கூட்டுவது மிகக் கடினம்.

பத்தியச் சாப்பாட்டில் பூண்டும் பால்சுறாவும் சேர்ப்பது நல்லதுதான். ஆனால் பாலைக் கூட்டுவது அடிக்கடி மார்பைக் காலி செய்வதுதான். தண்ணீரைக் குறைக்கச் சொன்னால் மட்டும் கேட்காதீர்கள். "ராத்திரி எழுப்பாதீங்க, உடம்பு தேறட்டும்" என்று பாட்டி சொல்வார். அவருக்கு நெக் என்றால் என்னவென்று விளக்குங்கள். விளங்கிவிட்டால் அலாரம் வைத்து எழுப்புவதே அவராகத்தான் இருக்கும்.

கிள்ளானிலிருந்தோ ரவாங்கிலிருந்தோ நகருக்குள் பால் கொண்டுவருபவர்கள் வெயிலையும் நெரிசலையும் கணக்கில் வைக்க வேண்டும். நல்ல மூடியுள்ள குளிர்ப்பெட்டி வாங்குங்கள். ஐஸ் கட்டி போடாமல் உறைய வைத்த ஜெல் பைகளை அடியிலும் பக்கத்திலும் வையுங்கள். ஐஸ் உருகினால் தண்ணீர் மூடி வழியே உள்ளே புகும், ஒட்டிய பெயர்ச்சீட்டும் கழன்றுவிடும். காலி இடத்தைச் சுத்தமான துண்டால் அடைத்துவிடுங்கள், காற்று குறைந்தால் குளிர் நிற்கும். காரின் பின்பெட்டியில் வைக்காதீர்கள். புட்டி ஒவ்வொன்றிலும் குழந்தையின் பெயர், பதிவு எண், கறந்த தேதி, நேரம் நான்கும் இருக்க வேண்டும். குளிர்சாதனத்தில் 4 பாகையில் 4 நாள் தாங்கும் என்பது பொதுக்கணக்கு. வார்டு 48 மணி நேரம் என்றால் அதன்படியே செய்யுங்கள். உறைய வைத்ததை இளக்கினால் 24 மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. மைக்ரோவேவ் பக்கமே போக வேண்டாம்.

இரத்தம் ஏற்ற வேண்டிய தேவையையே குறைக்கும் வழிகளும் உண்டு. பிரசவத்துக்கு முன்பே குறைமாதம் என்று தெரிந்தால், குழந்தையின் நிலை இடம் கொடுத்தால் 30 முதல் 60 நொடியாவது பொறுத்துத் தொப்புள்கொடியை வெட்ட முடியுமா என்று மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். நஞ்சுக்கொடியில் இருக்கும் இரத்தம் அதற்குரியவரிடமே போய்ச் சேரும். பிறந்த பிறகு, இரத்தப் பரிசோதனைகளைச் சேர்த்து ஒரே முறையில் எடுக்க முடியுமா என்று கேட்கலாம். பால் ஓரளவு ஏறியதும் இரும்புச்சத்துச் சொட்டு எப்போது தொடங்கும் என்றும் கேட்டு வையுங்கள். நீங்களாக வாங்கிக் கொடுக்கக் கூடாது.

நெக் என்று சந்தேகித்தால்

பாலை முழுதாக நிறுத்தி, வாய்வழியே சற்றுப் பெரிய குழாய் போட்டுக் காற்றையும் நீரையும் வெளியேற்றுவார்கள். ஆன்டிபயோட்டிக் தொடங்கும், உணவு நரம்புவழி போகும். முதல் நாளில் 6 முதல் 8 மணிக்கொரு முறை எக்ஸ்ரே எடுக்கலாம். குடல் சுவருக்குள் காற்றுக் குமிழி தெரிகிறதா, குடலுக்கு வெளியே காற்று கசிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காக. வெளியே கசிந்திருந்தால் ஓட்டை விழுந்தது என்று பொருள், அறுவை மருத்துவர் வருவார். வெறும் சந்தேகமாக முடிந்தால் இரண்டு மூன்று நாளில் பால் மறுபடி தொடங்கலாம். உறுதியானால் 7 முதல் 10 நாள்வரை பட்டினி.

இந்த நேரத்தில் மறுபடி இரத்தம் ஏற்ற வேண்டும் என்று சொன்னால் பெற்றோர் அதிர்ந்துபோகிறார்கள். குடலில் இரத்தம் கசியும்போதும் அறுவைக்கு முன்பும் அது தேவைப்படும். அப்போது மறுத்தால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து.

குணமான பின்பும் சில வாரம் கழித்து, ஆறிய இடத்தில் குடல் சுருங்கி அடைக்கலாம். பால் மறுபடி ஏறும் காலத்தில் வாந்தி, உப்பல், மலம் வராமை தெரிந்தால் வீட்டுக்கு வந்த பின்பானாலும் உடனே கொண்டு போங்கள். கிரைப் வாட்டர் கொடுத்துப் பார்க்கிற வேலை வேண்டாம்.

வீட்டுக்குப் போகும் நாளில், ஏற்றிய ஒவ்வொரு இரத்தத்தின் தேதியையும் குழந்தையின் சுகாதாரப் பதிவுப் புத்தகத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். இரத்தம் ஏற்றிய முதல் மூன்று மாதங்களில் தலசீமியாவுக்கோ (மரபுவழி இரத்தசோகை) ஜி6பிடிக்கோ (சிவப்பணுவிலுள்ள ஒரு நொதியின் குறை) பரிசோதித்தால், இயந்திரம் பார்ப்பது கொடையாளரின் சிவப்பணுவையாகவும் இருக்கலாம். குறை இருந்தும் இல்லை என்று வரும். தேதி தெரிந்தால்தான் கிளினிக் மருத்துவர் அந்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவார், அல்லது பிறந்தபோது தொப்புள்கொடி இரத்தத்தில் எடுத்த முடிவைத் தேடுவார்.